ஓடுற வண்டியைத் தொடக் கூடாது

ஸ்டேஷன் நாற்காலி நல்ல சௌகரியமா இருக்கு சார். ஷெட்ல நாங்க உக்கார்றது பழைய டயர் மேலதான். டீ எனக்கு வேண்டாம், ஆறிடும், நீங்க குடிங்க. நான் எங்கேயும் ஓடிற மாட்டேன். தீவு இது, சுத்திக் கடல், ஓடி எங்க போறது? சலிச்சுப் போச்சு, அதான் நானே வந்துட்டேன்.

ஆஸ்பத்திரி ஜீப்பைப் பாத்துக்கிற மெக்கானிக் ஜெகநாதன்னா எல்லாருக்கும் தெரியும். அது சண்டைக் காலத்து ஜீப். இந்த ஊர்ல ஓடுறதுல முக்காவாசி அந்த வயசுதான். எது உடைஞ்சாலும் மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல வரணும். ஸ்டோர்ல கேட்டா ‘அக்லா ஜஹாஜ்’னுவான், அடுத்த கப்பல்லயாம். அடுத்த கப்பலும் வரும், அரிசி இறங்கும், சிமெண்ட் இறங்கும், நாம கேட்ட சாமான் மட்டும் வந்திருக்காது. அதனால செத்த வண்டியைப் பிரிச்சுத்தான் மத்த வண்டியை ஓட்டிக்கிட்டிருக்கோம். அதுக்கு எங்களுக்குள்ள ஒரே சட்டம். ஓடுற வண்டியைத் தொடக் கூடாது. கண்டமாயிட்டா, இனி ஓடாதுன்னு தள்ளிட்டா, எவன் சங்கிலி போட்டு இழுத்துட்டு வர்றானோ அவனுக்கு முதல் பாத்தியதை.

இந்த மழை ஆரம்பிக்கிறப்போ ஆஸ்பத்திரி ஜீப்போட கியர்பாக்ஸ் ஹவுசிங் ஒட்டுப் போட முடியாதபடி விண்டு போச்சு. கியர் சக்கரமெல்லாம் உக்கார்ற இரும்புப் பெட்டி சார் அது. அதுல ரெண்டு தினுசு. பாக்க ஒண்ணு போலவே இருக்கும், வார்ப்பு நம்பரைத் தடவிப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். மாத்திப் போட்டா பேரிங் உக்காராது. எனக்கு வேண்டிய தினுசு நாகூர் கனி ஜீப்புல இருந்துச்சு. ஹேடோ துறைமுகத்துல கப்பல் சரக்கை ஏத்தி டாலிகஞ்ச்ல இருக்கிற தன் கடைக்குக் கொண்டு போவானே, அந்த ஜீப்தான்.

கனி என் சிநேகிதன். என் வீட்டுக்காரி மரகதத்தைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவான். எங்க முதல் பிள்ளை ஆஸ்பத்திரி போற வழியில போயிருச்சு சார். பாதி ரோட்டுல வண்டி நின்னுருச்சு. நான் பாத்துக்கிற வண்டி. உன் வண்டிதானே நின்னுச்சுன்னு ஊரே கேட்டுச்சு. மரகதம் மட்டும் கேக்கல, அதுதான் எனக்குத் தாங்கல. இப்போ அவளுக்கு மறுபடியும் மாசம் நெருங்கிருச்சு.

கனிகிட்ட ஹவுசிங்கைக் கேட்டேன். அவன் சிரிச்சான். “ஓடுற வண்டி வயித்தைக் கிழிக்கச் சொல்றியே மச்சான்? தங்கச்சிக்கு வலி எடுத்தா ஒரு குரல் குடு. எந்நேரமானாலும் என் வண்டி உன் வாசல்ல நிக்கும்.”

நல்ல பதில்தான், நான் குறை சொல்ல மாட்டேன். சொன்னா செய்யிற ஆளும்கூட. ஆனா அது அவன் வண்டி. ஓட வேண்டியது ஆஸ்பத்திரி வண்டி. மரகதம் மாதிரி எத்தனை பொம்பளைங்க இருக்காங்க, அவங்களையும் நினைக்கணும் இல்லையா? அப்போ கனி வண்டி நிக்கணும்னு ஆச்சு. வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க.

பிரேக் லைனிங்கும் இங்க கப்பல் சாமான்தான். அதனால இறக்கத்துல நாங்க யாரும் பிரேக் மிதிக்கிறதில்ல, ரெண்டாம் கியர்ல போட்டு அப்படியே இறக்குவோம். கனிக்குப் பிரேக்னு ஒண்ணு பேருக்குத்தான். கியர் நழுவாமப் பிடிச்சு வைக்கிறது விரல் நுனி அளவு ஒரு ஸ்பிரிங். அவன் ஆயில் மாத்த வந்தப்போ அதை எடுத்துட்டேன். அவன் பக்கத்துல உக்காந்து, பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப் போறேன்னு கேட்டுக்கிட்டிருந்தான்.

இடத்தையும் யோசிச்சுத்தான் வச்சேன். பாறையில மோதினா ஹவுசிங் தெறிச்சுரும். டெய்ரி ஃபார்ம் இறக்கத்துல, வளைவுக்குக் கீழ வெறும் சேறு. மழை விட்டதும் அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு அந்த வழியாத்தான் வருவான், பாரத்தோட அவன் இறங்குற முதல் இறக்கம் அதுதான். அப்படியே வந்தான். கியர் நழுவிருச்சு, பாரம் தள்ளிருச்சு, சேத்துல குப்புற விழுந்துச்சு.

சங்கிலியோட நான்தான் முதல்ல போனேன். மூட்டைக்கு அடியில கனிக்கு உசுரு இருந்துச்சு. என்னைப் பாத்து, “மச்சான் வந்துட்டியா”ன்னான். அவனைத் தூக்க ஆளுங்க வந்துட்டாங்க, அதனால நான் வண்டியோட அடிப்பக்கத்துக்குப் போய் ஹவுசிங்கைத் தடவிப் பாத்தேன். நம்பர் சரியா இருந்துச்சு. கொண்டு போக வண்டியில்லாம கனியைக் கதவுப் பலகையில வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க, வழியிலேயே முடிஞ்சிருச்சு. ஆஸ்பத்திரி ஜீப் மட்டும் ஓடியிருந்தா பிழைச்சிருப்பான்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. அதைத்தானே சார் நான் அத்தனை நாளும் சொல்லிக்கிட்டிருந்தேன்.

அவன் சம்சாரம் பஷீரா மட்டும், வண்டி எப்படிண்ணே அப்படிப் போச்சுன்னு கேட்டுச்சு. பழைய வண்டிம்மான்னு சொன்னேன். அதுல பொய் ஒண்ணுமில்ல.

ஆளுங்களை விட்டு வண்டியைச் சங்கிலியில இழுத்து ஷெட்டுக்குக் கொண்டாந்து, ஹவுசிங்கை மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவினேன். பிசுக்கு போனதும் பாத்தா, பித்தளை வச்ச ஒட்டு, விழுந்ததுல வாய் பிளந்து கிடந்துச்சு. என் கை ஒட்டு அது. சில வருஷம் முந்தி மெயின்லேண்ட்ல இருந்து பெரிய அதிகாரி வர்றார்னு போலீஸ் ஜீப்பை அவசரமா ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. அன்னிக்குக் கனி வண்டியோட நல்ல ஹவுசிங்கை எடுத்து அதுல போட்டுட்டு, போலீஸ் ஜீப்புல விண்டிருந்ததை ஒட்டுப் போட்டு அவனுக்கு மாட்டிவிட்டேன். அவன்கிட்ட சொல்லல. ஓடுற வண்டியை அன்னிக்கே தொட்டுட்டேன் பாருங்க. அப்புறம் சுத்தமா மறந்தும் போச்சு. இத்தனை வருஷமா மாத்தி மாத்திப் போட்டதுல எது எந்த வண்டியில இருக்குன்னு எனக்கே தெரியல. கழுவின அன்னிக்கு உக்காந்து அழுதேன் சார். கனிக்காகத்தான்னு நினைச்சுக்கிட்டேன்.

வாசல்ல நிக்குதே உங்க ஜீப், அதுதான் அந்தப் போலீஸ் ஜீப். காலையில உங்க டிரைவர் ஆயில் மாத்தக் கொண்டாந்தாரு. நம்பரைத் தடவினேன், எங்கேயாவது ஒட்டு இருக்கான்னும் பாத்தேன். ஒரு கீறல் கிடையாது.

மேசையில வைக்கிறேன் பாருங்க. இது கனி வண்டி ஸ்பிரிங். பக்கத்துல இருக்கிறது உங்க வண்டியோடது. டிரைவரை இறக்கத்துப் பக்கம் போக வேண்டாம்னு சொல்லிருங்க. என்னால இன்னொரு தடவை முடியாது, உடம்புல தெம்பில்ல.

மரகதத்துக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. என்னை உள்ள வைங்க, தூக்குல போடுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். அதுக்கு முந்தி உங்க ஜீப்பைக் கண்டம்னு எழுதி எனக்குக் குடுத்துருங்க. இந்தத் தடவை வண்டிக்குள்ள யாரும் இருக்க வேண்டியதில்ல சார்.