பேர் கூப்பிடும் வார்டு

— பார்த்து வாம்மா, படியெல்லாம் பாசி. எனக்கெதுக்கு ஊர் வம்பு, ஆனா தனியா ஒரு பொண்ணு பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சா எதிர்வீட்டுக்காரி சும்மா இருக்க முடியுமா?

— நான் உங்களைக் கூப்பிடலையேக்கா.

— கூப்பிட்டாத்தான் போகணும்னா நான் பாதிக் கல்யாணத்துல சாப்பிட்டே இருக்க மாட்டேன். என்ன தேடுற? நாளைக்கு இடிக்கிறாங்க. புல்டோசர் வாசல்ல நிக்குது, பார்த்தியா?

— பொம்பளைங்க வார்டு எது?

— இந்தக் கடைசிக் கதவு. மூடின அன்னிக்குப் போட்ட பூட்டு, இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குக் காலையிலதான் உடைச்சாங்க. இரு... இந்த மூக்கை நான் பார்த்திருக்கேனே! ரெட்டை ஜடை, ஸ்கூல் பை, சாயங்காலமானா பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நிப்பியே, நீதானே? "பத்திரமாப் போ கண்ணு"ன்னு உங்கம்மா கம்பி வழியா கையை நீட்டுவா.

— நான்தான். சின்னப் பொண்ணுன்னு உள்ள விடமாட்டாங்க. வந்தது அப்பாவுக்கும் தெரியாது; தெரிஞ்சதும் என்னை வெளியூர் ஹாஸ்டல்ல போட்டுட்டார்.

— உங்கப்பா! அந்த மகராசன் அவளைக் கொண்டுவந்து விட்டுட்டு, தூசி தட்டுற மாதிரி கையைத் தட்டிக்கிட்டுப் போனதை இந்தக் கண்ணால பார்த்தேன். அவளுக்குப் பைத்தியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெண்டாவது வர்றவளுக்கு வீடு காலியாகணும். எனக்கெதுக்கு அதெல்லாம். அம்மா இப்ப எப்படி இருக்கா?

— அவங்களைத்தான்க்கா தேடுறேன். மூடினப்ப எல்லாரையும் வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினதாச் சொன்னாங்க. அங்க போய்க் கேட்டா, அப்படி ஒருத்தர் வரவே இல்லைங்கிறாங்க. ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, பாலத்துக்கு அடியில... பார்க்காத இடமில்ல.

— பஸ் வந்த அன்னிக்கு நான் மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன். நிதானமாத்தான் காயப்போட்டேன்னு வச்சுக்கோயேன். நர்ஸ் வாசல்ல நின்னு ஒவ்வொரு பேராக் கூப்பிட்டா. பதில் சொன்னவங்க பஸ்ஸுல ஏறினாங்க. ஒரு பேரை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டா, சத்தமே இல்ல. "ஓடிப்போயிருப்பா"ன்னு சொல்லிட்டுப் பூட்டிட்டாங்க.

— காலையில பேர் கூப்பிடும்போது பதில் சொல்றவங்களைத்தான் தலையில கரண்ட் ஷாக் வைக்கக் கூட்டிட்டுப் போவாங்க.

— தெரியாதா பின்னே? அந்த அலறல் என் அடுப்படி வரைக்கும் வரும். அதனாலதானே நீ ஜன்னல்ல வாயை வச்சு... நான் ஒட்டுக்கேட்கலம்மா, காதுல விழுந்துச்சு... "யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதம்மா, கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கோ, நான் வந்து கூப்பிட்டா மட்டும் பதில் சொல்லு"ன்னு... ஐயோ.

— பூட்டினதுக்கு அப்புறம் என்னாச்சு?

— வாம்மா, போயிடலாம்.

— சொல்லுங்கக்கா.

— தட்டுச் சத்தம். சாப்பாட்டுத் தட்டைத் தரையில தட்டுற மாதிரி. பேய்னு தெருவே ஜன்னலை அடைச்சுக்கிட்டோம். பேய்க்கும் பசிக்குது பாருன்னு சொல்லிச் சிரிச்சதே நான்தான். அப்புறம் சத்தம் மெலிஞ்சு மெலிஞ்சு, தானா அடங்கிடுச்சு.

— பேயோட சத்தம் ஏன்க்கா மெலியுது?

— என்னைக் கேட்காதம்மா. என்னைக் கேட்காத.

— ஜன்னலோரமா இருக்கே, இதான் அம்மா கட்டில். செல்போன் வெளிச்சத்தை இப்படிக் கீழே காட்டுங்க. தட்டு இருக்கு. விளிம்பெல்லாம் நசுங்கிப் போயிருக்கு.

— அதுக்குப் பின்னால சுவரோரமா... என்னமோ பழைய புடவை மூட்டை போல இருக்கும்மா.

— மூட்டை இல்லக்கா.

— ஐயோ! எழுந்திரு. வேலைக்காரங்களைக் கூட்டிட்டு வரேன், போலீசைக் கூப்பிடலாம். நீ ஏன் குனியிற? வேண்டாம்மா, கூப்பிடாத. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், கூப்பிடாத!

— நான் வந்து கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கேன்க்கா. அதுக்காகத்தானே இத்தனை நாளும் வாயைத் திறக்காம இருந்தாங்க? அம்மா... அம்மா, நான் வந்துட்டேன்மா.

— உஷ்! மெதுவாப் பேசு கண்ணு. நீயும் சீக்கிரம் கட்டிலுக்கு அடியில வந்துடு. அவங்க இன்னும் பேர் கூப்பிட்டு முடிக்கல.