சூடு காட்டாத ஸ்ப்ரிங்

கொழுந்தன்: மூச்ச அடக்குங்க அண்ணி. பறந்துரும்.

அண்ணி: இத்தனூண்டு கம்பிக்காக நான் மூச்சுகூட விடக்கூடாதா?

கொழுந்தன்: போன தடவை பறந்தது இன்னும் கிடைக்கல. அண்ணன் டார்ச்ச வெச்சுக்கிட்டு மேசைக்கடியில தவழ்ந்து...

அண்ணி: ...சொல்லுங்க.

கொழுந்தன்: ஒண்ணுமில்ல. இது கித்தார் கம்பி. ஊசியில ஏழு சுத்து. அண்ணன் கேமராவுல தானா படம் புடிக்கிற டைமருக்கு இது போதும்.

அண்ணி: சுத்திட்டா முடிஞ்சுதா?

கொழுந்தன்: மெழுகுவத்தியில சூடு காட்டணும். லேசா நீலம் ஏறும். காட்டலேன்னா நாலு தடவை முடுக்குறதுக்குள்ள தொய்ஞ்சு போய் டைமர் பாதியில நின்னுரும்.

அண்ணி: அப்ப சீக்கிரம் காட்டுங்க.

கொழுந்தன்: என்ன அவசரம்? அண்ணன் போனதுலருந்து ஒரு வருஷமா அலமாரியில சும்மாதானே கிடக்கு.

அண்ணி: சும்மா கிடக்கல. ஓடுது.

கொழுந்தன்: எது?

அண்ணி: டைமர்தான். தினமும் சாயங்காலம் நாலரைக்கு. கிர்ர்னு பத்து செகண்ட்... அப்புறம் டிக்.

கொழுந்தன்: விளையாடாதீங்க. யாரும் முடுக்காம எப்படி ஓடும்?

அண்ணி: அவரு மாடியிலருந்து விழுந்த நேரம் அது.

கொழுந்தன்: ...பழைய ஸ்ப்ரிங்குல இறுக்கம் மிச்சமிருக்கும். கழட்டிட்டா அடங்கிரும். இருங்க, மூடியத் தொறக்கறேன்... அண்ணி, உள்ள ஸ்ப்ரிங்கே இல்லையே.

அண்ணி: தெரியும். போன வாரம் நான்தான் ஊக்கால நோண்டி எடுத்தேன்.

கொழுந்தன்: எடுத்ததுக்கு அப்புறமுமா...?

அண்ணி: நேத்துகூட. நல்லதா ஒண்ணு மாட்டினா, நாம முடுக்கும்போது மட்டும் ஓடுமோன்னுதான் வந்தேன். மணி என்ன?

கொழுந்தன்: நாலு இருபத்தொம்போது... அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அண்ணன் அவசரப்படுத்துனாருன்னு சூடு காட்டாமலே மாட்டிக் குடுத்துட்டேன். பாதியில நின்னிருக்கும். மாடி ஓரத்துல படத்துக்கு நின்னவரு, ஏன் இன்னும் டிக்குன்னு அடிக்கலன்னு பாக்க நகர்ந்திருப்பாரு. கைப்பிடிச் சுவர் வேற கட்டி முடியல...

அண்ணி: தம்பி...

கொழுந்தன்: நீங்க கீழ இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாது. என் கையாலதான் போனாரு.

அண்ணி: இதையா ஒரு வருஷமா மனசுக்குள்ள போட்டு வெச்சுக்கிட்டு எங்க வீட்டுப் பக்கமே வராம இருந்தீங்க?

கொழுந்தன்: ...அண்ணி. கேக்குதா?

அண்ணி: கேக்குது. எண்ணுங்க.

கொழுந்தன்: நான் தொடவே இல்ல... ஏழு... எட்டு... ஒம்போது...

அண்ணி: பத்து. அன்னைக்கும் இப்படித்தான், நிக்காம பத்தும் ஓடுச்சு. உங்க ஸ்ப்ரிங்குமேல தப்பே இல்ல. நான் கீழ இல்ல தம்பி. டைமர முடுக்கிட்டு, "படத்துல தலை வெட்டுது, இன்னும் ஒரு அடி பின்னால போங்க"ன்னு சொன்னது நான்தான்.