ரெண்டு டம்ளர் காபி

எழுபதுகளில் ஒரு காலை. தாம்பரம் பிளாட்பாரத்தில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தேன். டீக்கடை ஓரமாக, ரேடியோ கம்பெனியின் நீலப் புடவை கட்டிய இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"ஸ்டெல்லா, இன்னிக்கு ரெண்டு டம்ளர் காபி குடிச்சிட்டு வந்துகீறேன்" என்றாள் மூத்தவள், புது வளையல் வாங்கியதைச் சொல்வதுபோல.

இளையவள் பதறிவிட்டாள். "இன்னாக்கா, புத்தி கெட்டுப்போச்சா? பொம்பளைங்களுக்குக் கக்கூஸே இல்லாத எடத்துல சாயங்காலம் வரைக்கும் எப்படித் தாங்குவே?"

"நேத்து நீ லீவு, அதான் தெரியல. நம்ம சரோஜா மத்தியானம் மயங்கி வுழுந்துட்டா. காலையிலேர்ந்து ஒரு வாய்த் தண்ணி குடிக்கலையாம். நாங்க அத்தினி பேரும் வேலைய அப்படியே போட்டுட்டு, ஆபீசருங்க கக்கூஸ் வாசல்ல போய் லைனா நின்னுட்டோம்."

"ஐயோ! வேலைய வுட்டுத் தூக்கிட்டா?"

"அத்தினி பேரையும் தூக்கிட்டு ரேடியோவ யாரு செய்யறது?"

"மானேஜர் சும்மாவா வுட்டாரு?"

"கத்தினாரு. ஆனா எங்களைத் தாண்டித்தானே அவரும் உள்ள போவணும்? கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தாரு. அப்புறம், தனியா கட்டித் தர்ற வரைக்கும் வெச்சிக்கோங்கன்னு சாவியக் குடுத்துட்டாரு."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பித்தளைச் சாவி.

"அப்போ ஆபீசருங்க?"

"என்னாண்ட வந்து கேக்கட்டும்."

ஸ்டெல்லா சாவியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, ஒரு டீ குடுங்க. பெரிய கிளாஸ்ல."