படப்பையும் அளந்த சர்வேயர்

பாபநாசம் பேருந்தில் என் முன்னிருக்கையில், ட்ரோன் பெட்டியை மடியில் வைத்திருந்த சர்வேயர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "வைக்கோல் படப்பையும் மண்ணுன்னு அளந்துட்டேன் வே."

"எப்படி வே?"

"குளத்துல தோண்டுன மண்ணை ட்ரோன் விட்டுல்லா அளந்தேன். குவியலை ஒட்டி, தார்ப்பாய் போட்டு ஒரு படப்பு. கணக்குல மண்ணு கூடிட்டு. அளவுக்கு மேல தோண்டிட்டான்னு ஜேசிபி ஓட்டுனவனை வேலையை விட்டு நிறுத்திட்டாவ."

"அடப்பாவி!"

"நான் கரையில நிழல்ல நின்னு, திரையைப் பார்த்து என்னையே மெச்சிக்கிட்டு இருந்திருக்கேன். படப்புக்காரர் தார்ப்பாயை உருவவும்தான் விளங்குச்சு. தப்பு என்னுதுன்னு எஞ்சினியர்ட்ட எழுதிக் குடுத்தேன். ஜேசிபிக்காரனைத் திரும்பச் சேத்துட்டாவ. இன்னைக்கு மன்னிப்புக் கேக்கப் போனேன்."

"ஏசுனானா?"

"இல்ல வே. 'வானத்துல இருந்து இறங்கி வந்தியளே, அதுவே பெரிசு'ன்னு டீ வாங்கித் தந்தான்."