விமானத்தருகே நின்றவரின் தலை

என் பெயர் முகம்மது நூகு, வயது 58, தகப்பனார் பெயர் செய்யது இபுராகிம் (காலமானவர்). திருத்தங்கலில் குடியிருந்துகொண்டு, சிவகாசியில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன்.

என் தகப்பனார் கப்பலில் கரி அள்ளும் வேலைக்குப் போனவர். 1936ஆம் ஆண்டு ஐரோப்பாவில் ஒரு பன்னாட்டு விமானக் கண்காட்சி நடந்தபோது, அங்கே விமானங்களைத் துடைக்கும் கூலியாக இருந்தார். அப்போது ஒரு விமானத்தின் முன்விசிறியில் கைவைத்தபடி அவர் நிற்பதைப் படம் எடுத்திருக்கிறார்கள். அவருக்கு இருந்த ஒரே படம் அதுதான். அதை என் கடையில் மாட்டியிருந்தேன்.

2007 ஜூலை மாதம் பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதி கடைக்கு வந்து, தன் ராக்கெட் வெடிக்கு விளம்பரமாகக் காலண்டர் அடிக்கப்போவதாகச் சொல்லி, அந்தப் படத்தை இரவலாகக் கேட்டார். "ஒங்க அத்தா பேரப் போட்டே அடிக்கேன் பாய்" என்றதால் கொடுத்தேன். அதன்பின் பலமுறை கேட்டும் படம் திரும்பி வரவில்லை.

நவம்பர் மாதம் என் மகள் மஹ்ரீன் பலசரக்குக் கடையில் கொடுத்த காலண்டரைக் கொண்டுவந்து, "அத்தா, இது நம்ம படம்ல? தலை மட்டும் வேற ஆளா இருக்கு" என்றாள். சட்டையும் கையும் நகம் போன கட்டைவிரலும் என் தகப்பனாருடையவை. தலை கனகசபாபதியின் தாத்தாவுடையது. கீழே 'உலக விமானக் கண்காட்சியில் எங்கள் நிறுவனர்' என்று அச்சிட்டிருந்தது.

மறுநாள் விஸ்வநத்தத்தில் உள்ள அவருடைய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, "ஒங்கத்தா தொடச்ச ஆளுதான பாய்? அவரு மூஞ்சியப் பாத்து எவன் வெடி வாங்குவான்? வேல முடிஞ்சதும் படம் குப்பைக்குப் போயிருச்சு" என்றார். "எங்கத்தாவக் குப்பையில போட்டீகளா?" என்று கேட்டேன். "ஏலே, இந்தாள வெளிய தள்ளுங்கலே" என்றார்.

அதன்பின் நான் கடைக்குப் போய், சட்டத்துக்குப் பூசும் கறுப்புப் பெயிண்டையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் அவர் அலுவலகத்துக்குப் போய், லோடு ஏற்றக் கட்டிவைத்திருந்த காலண்டர்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்தத் தலையின் மேல் பூசினேன். கம்பெனி ஆட்கள் அடித்ததில் கடைவாய்ப் பல் விழுந்தது. சொன்னதைச் செய்தவர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. போலீஸ் வரும்வரை நான் ஓடவுமில்லை.

மன்னிப்புக் கேட்டால் கனகசபாபதி வழக்கைத் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று காவல் ஆய்வாளர் தெரிவித்தார். எனக்குச் சம்மதமில்லை. வெளியே விட்டால் மீதமுள்ள காலண்டர்களையும் கடை கடையாகத் தேடிப்போய்ப் பூசுவேன். படம் முழுவதையும் நாசம் செய்ததாகப் புகாரில் எழுதியிருப்பது பொய். கழுத்துக்கு மேலே மட்டுமே பூசினேன். கழுத்துக்குக் கீழே ஒரு சொட்டும் பட விடவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) செ. முகம்மது நூகு