அஞ்சுல ஓடின எஞ்சின்

இருங்க… இருங்க. "ஒத்து வரலன்னா தூக்கிப் போட்டுட்டு வேற பாக்க வேண்டியதுதானே"ன்னு முன் வரிசையில ஒரு அண்ணன் சொல்றாரு. சொல்றது சுலபமுங்க! உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லட்டுங்களா? பந்திக்கு இன்னும் எலை போடல. பயப்படாம கேளுங்க.

சங்ககிரிப் பக்கம் நாச்சிமுத்துன்னு ஒருத்தர். சொந்தமா ஒரே ஒரு லாரி. அவரே ஓனர், அவரே டிரைவர். அந்த வண்டி ஓடுனாத்தான் அந்த வீடு ஓடும். அப்படிப்பட்ட வண்டி… பொகை விட ஆரம்பிச்சுது. லேசா இல்லீங்க. பட்டப்பகல்ல பின்னாடி வர்றவன் லைட்டுப் போட்டுட்டு வரணும்! இவரு என்ன பண்ணாரு? பட்டறைக்குப் போனாரா? போகல. கனமான ஆயிலா வாங்கி ஊத்தினாரு. அதை ஊத்தினா பொகை கொஞ்சம் அடங்கும். லாரிக்காரங்க இங்க நெறைய பேரு இருக்கீங்க… சிரிக்கிறீங்க பாருங்க, நீங்களும் ஊத்துனவங்கதானே! பொகை அடங்குச்சு. நோவு அடங்குச்சா? அதை யாரு கேட்டா?

கடைசியில தொப்பூர் மேட்டுல, வெங்காய லோடோட, வண்டி நின்னே போச்சு. வெங்காயம் அழுகிருச்சு. லோடு புடிச்சுக் குடுக்கற புக்கிங் ஆபீஸ்காரர் சொல்லிட்டாரு… "நாச்சிமுத்து, இன்னொருக்கா வழியில நின்னே, அப்புறம் உன் வண்டிக்கு லோடே கெடையாது."

மனுசனுக்கு வந்துச்சே கோவம்! யாரு மேல? எஞ்சின் மேல! "செத்த எஞ்சினு! காயலான் கடையில போட்டுட்டு வேற எஞ்சின் வெச்சுக்கறேன்." பழைய வண்டி ஒடைக்கற எடத்துல ஒரு எஞ்சினப் பேசியும் வெச்சுட்டாரு.

அவரு சம்சாரம் தெய்வானை. அந்தம்மா கேட்டாங்க… "ஏனுங்க, அந்த எஞ்சின் எவன் வண்டியில என்ன பாடு பட்டுச்சோ, உங்களுக்குத் தெரியுமா? நம்மளுத ஒருக்காப் பிரிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு புள்ள!"

"எனக்குத் தெரியாது. உள்ள என்ன ஆச்சுன்னு உங்களுக்கும் தெரியாதே. அதான் பிரிக்கச் சொல்றேன்."

வண்டி ஜபருல்லா பாய் பட்டறைக்குப் போச்சு. அங்க ஒரு வழக்கம்… ஓனர் பக்கத்துல நிக்காம எஞ்சினப் பிரிக்க மாட்டாங்க. நாளைக்கு "என் சாமானை மாத்திட்டே"ன்னு பேச்சு வரக் கூடாதுல்ல? அதனால நாச்சிமுத்து நின்னாரு… வேண்டா வெறுப்பா. தெய்வானையம்மாவும் கூட நின்னாங்க.

பாயே சொன்னாரு, "எனக்கும் மாத்தறதுதான் சரின்னு படுதுங்ண்ணா. இருந்தாலும் தொறந்துருவோம்."

எஞ்சினோட மேல் மூடி, அந்த ஹெட்டத் தூக்கினாங்க. ஆறு சிலிண்டர் எஞ்சினுங்க; பிஸ்டன ஒண்ணொண்ணா வெளிய எடுத்தாங்க. முதல் ரெண்டும் தேஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். மூணாவது வந்துச்சு பாருங்க…

பிஸ்டனச் சுத்தி இருக்கற ரிங்கெல்லாம் துண்டு துண்டா ஒடஞ்சு கெடக்குது. பிஸ்டன் ஏறி எறங்கற குழாய், அந்த லைனர் பூரா கிழிச்ச கிழிப்பு. அந்த சிலிண்டர் என்னைக்கோ செத்துப் போச்சுங்க! பாய் அடியில சுத்தற தண்டு, அந்த கிராங்கத் தொடச்சாரு, விரலால தடவினாரு… ஒரு கீறல் இல்ல. எஞ்சினோட ஒடம்பு, அந்த பிளாக்கச் சுத்திச் சுத்திப் பாத்தாரு… ஒரு விரிசல் இல்ல.

"அண்ணா… இது ரொம்ப நாளா அஞ்சுலதான் ஓடியிருக்குது."

புரியுதுங்களா? ஆறு பேரு சேந்து தேர் இழுக்கறாங்க. ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சு போச்சு. மத்த அஞ்சு பேரு தேரையும் இழுத்து… அவனையும் சேத்து இழுத்துட்டு வந்திருக்காங்க!

நாச்சிமுத்து கிட்டக் குனிஞ்சு பாத்தாரு. "அஞ்சுலயா பாய்? லோடோடயா? அத்தனை மேடும்… அஞ்சுலயா ஏறுச்சு?"

"ஏறுச்சுங்ண்ணா. எனக்கே மெய் சிலுக்குது."

அந்த மனுசன் என்ன பண்ணாரு தெரியுமா? செருப்பக் கழட்டினாரு. கிரீசும் மண்ணும் கெடக்கற தரையில… கோயில்ல நிக்கற மாதிரி நின்னாரு. "நடு மேட்டுல விட்ருச்சுன்னு திட்டினேனே பாய்… இத்தனை நாளா என்னைய வீடு கொண்டாந்து சேத்ததே இதுதானா?"

"சரிங்ண்ணா, சொல்லுங்க. மாத்தறதா, வேலை பாக்கறதா?"

"பிஸ்டன், ரிங்கு, லைனரு… அத்தனையும் புதுசு போடுங்க. பிளாக்கும் கிராங்கும் இதேதான். இத நான் வெளிய அனுப்ப மாட்டேன்."

சொல்லிட்டு, மெல்லத் திரும்பினாரு. பொண்டாட்டிய ஒரு பார்வை பாத்தாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல கேக்காத கேள்வி…

"ஏம் புள்ள… உனக்கு எங்கயாச்சும் வலிக்குதா?"

அந்தம்மா முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடச்சுட்டுச் சொன்னாங்க… "இதைக் கேக்கறதுக்கு ஒரு எஞ்சினப் பிரிக்க வேண்டியிருந்துச்சுங்களா?"

…

தாய்மார்களே, அண்ணன்மார்களே… பொகையத்தான் நாம திட்டறோம். வீட்ல ஒரு அம்மா சும்மா சும்மா எரிஞ்சு விழறாங்க. ஒரு அப்பா பேச்சையே கொறச்சுட்டாரு. நாம என்ன பண்றோம்? ஒரு பொடவை, ஒரு புது போனு… அப்போதைக்குச் சத்தம் அடங்குது. உள்ள என்னன்னு பாத்தோமா? பாக்காமயே "இது சரி வராது"ன்னு முடிவு பண்ணிர்றோம்! மாத்த வேண்டியது எதுவோ மாத்துங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா தொறந்து பாக்காம முடிவு பண்ணாதீங்க.

உள்ள ஒடஞ்சத வெளிய சொல்லாம, உங்க பாரத்தையும் சேத்து இழுத்துட்டு வர்ற ஒருத்தர் உங்க வீட்ல இருக்காங்க. யாருன்னு ஒரு நிமிசம் நெனச்சுப் பாருங்க…

நெனச்சாச்சா?

அவங்க இந்தப் பந்தல்லயே, உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கலாம். ஏன் இன்னும் என்னையவே பாக்கறீங்க? அந்தப் பக்கம் திரும்பி… அவங்களப் பாருங்க.