பாதி வெள்ளியான மீன்கள்

போதகர் அம்மா அவர்களே, ஹால்டிஸின் தங்கை யோருன் அவர்களே, நம் ஃபியோர்டுக் கடற்கழியின் இரு கரைகளிலிருந்தும் வந்து காபிக் கோப்பைகளோடு அமர்ந்திருக்கும் மீன்வளர்ப்போரே, ஊர்மக்களே!

இரங்கல் பேச வருகிறவர் துக்கத்தில் தொடங்குவார். இந்த ஒட்கெய்ர் வயிற்றெரிச்சலில் தொடங்குகிறேன். அதை இன்று மட்டும் மூடி மறைத்தால் நீங்களே சிரிப்பீர்கள். கூடத்தைப் பார்க்கிறேன், ஒரு நாற்காலி காலியில்லை. சன்னல் திண்டிலும் ஆட்கள். என் சாவுக்கு இவ்வளவு கூட்டம் வருமா? இந்த இறால் ரொட்டிக்காகவாவது வருமா? சந்தேகம்தான்!

எங்கள் ஹால்டிஸ் வோக்னெஸ், குஞ்சுப் பண்ணைகளின் தலைவி, ஆற்று மீனைக் கடல் மீனாக்கிய அரசி! தென்கரையில் அவர் பண்ணை, வடகரையில் என் பண்ணை. இருவரும் வளர்த்தது ஒரே சால்மன் குஞ்சு. இருவர் தொட்டியிலும் ஒரே மலைத் தண்ணீர். ஆனால் குஞ்சுகளை வாங்கிக் கடலில் வளர்க்கும் கூண்டுக்காரர்கள் முதலில் யாரைக் கூப்பிட்டார்கள்? ஹால்டிஸை! ஹால்டிஸிடம் மீன் தீர்ந்த பிறகு யாரைக் கூப்பிட்டார்கள்? அதை நான் சொல்ல வேண்டுமா?

ஓஸ்லோவிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நன்னீரில் வளரும் சால்மன் குஞ்சு தண்ணீர் குடிப்பதே இல்லை, தண்ணீர் தானாகவே அதன் உடம்புக்குள் புகும். கடலிலோ எல்லாம் தலைகீழ். உப்பு அதன் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அங்கே போனால் மீன் கடலைக் குடிக்க வேண்டும், குடித்த உப்பைச் செவுளால் வெளியே தள்ள வேண்டும். செவுள் அதைப் பழகுமுன் கடலில் விட்டால், அத்தனை தண்ணீருக்கு நடுவில் தாகத்தால் சாகும். அதனால்தான் தொட்டிக் கூடத்தை இருட்டாக்கி ஒரு குளிர்காலத்தையும், பிறகு விளக்கை அணைக்காமல் ஒரு கோடையையும் நாங்கள் உண்டாக்குகிறோம். விலாவில் விரல் வைத்தது போன்ற கறுப்புத் தடங்கள் மறைந்து உடம்பு வெள்ளியாகும். வேளை வந்ததும், அதுவரை நீரோட்டத்தை எதிர்த்து நின்ற மீன் திரும்பி அதோடு போகத் தொடங்கும். அப்போது அனுப்ப வேண்டும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

இதெல்லாம் எனக்கும் தெரியும். ஹால்டிஸுக்குத் தெரிந்த அளவுக்கே தெரியும். என் வேதனையே அதுதான்!

மீன் ஏற்ற வந்த கப்பல் துறையிலேயே நின்ற வருடத்தை யார் மறப்பார்கள்? மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்துக்கு முன்பே மீனைக் கடலில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய் விழா உடுப்பை இஸ்திரி போடுவது இந்தக் கரையின் வழக்கம். நான் வழக்கப்படி அனுப்பிவிட்டேன். மறுநாள் ஹால்டிஸின் துறையில் கப்பல் தலைவர் கெஞ்சுகிறார்.

"அக்கா, நாளைக்கு ஊர்வலம். பிள்ளைங்க கொடிய வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கும். மீனு பளபளன்னுதானே இருக்கு, ஏத்திடலாமே?"

"பளபளப்ப வுடு. மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு. இன்னும் தண்ணிய எதிர்த்துக்கிட்டுல்ல நிக்குது! அதுக்கு இன்னும் கெளம்ப மனசு வரல."

"அப்ப எங்க ஊர்வலம்?"

"அத நான் கொண்டாரேன், நீ போய்த் தூங்கு."

கொண்டுவந்தார்! பள்ளி வாத்தியக் குழு, கொடிகள், ஒரு அண்டா புளிப்புப் பாலேட்டுக் கஞ்சி, அதன் பின்னால் ஊர் முழுவதும் துறைக்கு நடந்தது. அந்த வருடம் இந்தக் கூடத்தில் விழாப் பேச்சாளர் யார்? நான்! குளிர்காலம் முழுக்க எழுதிய பேச்சு! கேட்டது யார்? பழைய போதகரும் அவருடைய நாயும். நாயும் பாதியில் எழுந்து போயிற்று.

சரி, என் மீன்களுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் நன்றாக இரை எடுத்தன. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் மருமகன் டோர்மொட்டின் கூண்டுக்குப் போனேன். அதோ, கேக்குக்குப் பின்னால் மறைகிறாரே, அவர்தான். அவர் சொன்னார்: "சும்மா சொல்லக் கூடாது மாமா, அருமையா இருக்கு. அப்படியே ஹால்டிஸ் அக்கா மீனு மாதிரியே இருக்கு!"

பெண்ணைக் கொடுத்த இடம், என்ன சொல்வது? கடையில் யாராவது என் மீனைக் காட்டி "இது ஹால்டிஸ் மீனா?" என்று கேட்டால், "இல்லை, ஒட்கெய்ர் மீன்" என்று வரிசையின் கடைசியிலிருந்தே கத்தித் திருத்துவேன். இது ஊரறிந்த சங்கதி.

போன மாதம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கண் மட்டும் அதே கண். என் கையிலிருந்த வாஃபிளைப் பார்த்து, "உன் பொண்டாட்டி சுட்டதுதானே? நீ சுட்டதுன்னா வேணாம்பா" என்றார். பிறகு சொன்னார்: "தொட்டிக் கூடத்துல கடைசி மீன் கூட்டம் பாதிதான் வெள்ளியாயிருக்கு. நீதான் கடலுக்கு அனுப்பணும்."

"நல்லாப் போனா உம் பேரு, செத்தா எம் பேரு. இதுக்கு நான்தான் கெடச்சனா?"

"வேற யாருகிட்ட குடுக்குறது? மத்தவனுங்க ரெண்டு செத்தா, போனாப் போவுதுன்னு வுட்டுருவானுங்க. நீ வுடமாட்ட. எம்மேல இருக்குற வயித்தெரிச்சல்லயே ஒண்ணு வுடாம பொழைக்க வச்சிருவ."

பார்த்தீர்களா! இத்தனை வருடம் நான் கட்டிக் காத்த பொறாமை, அதையும் தன் மீனுக்குத் தீவனமாக்கிவிட்டார்! எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். இனி எந்தக் கரையைப் பார்த்து எரிவேன்? யாரை முந்துவதற்காக விடியலில் எழுவேன்?

அன்பர்களே! அந்த மீன்களை இன்று காலையிலும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பளபளக்கின்றன. ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. கப்பல் தலைவர் ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். மீனை வாங்கப்போகும் டோர்மொட், "ஊர்வலத்துக்கு முன்ன முடிச்சிரலாமே மாமா" என்கிறார். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்கிறேன். அவை தாமாகத் திரும்பும்வரை கப்பல் நிற்கும்! விளக்கு அணையாது! நான் அந்தத் தொட்டிக் கூடத்தை விட்டு நகரமாட்டேன்! மே பதினேழன்று கொடிகளோடும் வாத்தியத்தோடும் தென்கரைத் துறைக்கு வாருங்கள். கஞ்சிக்கு யோருன் பொறுப்பு. அன்று கேட்காமல் போன அந்தப் பேச்சு என் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது, இந்த முறை யாரும் தப்ப முடியாது!

ஹால்டிஸ், உன் மீன்களை உன்னைவிட நன்றாகக் கடலில் சேர்ப்பேன். இது சபதம்! அவை இரை எடுத்துக் கொழுத்து, கடைக்கும் வரும். அன்று யாராவது என்னைப் பார்த்து, "இது ஹால்டிஸ் மீனா?" என்று கேட்கட்டும்.

ஆமாம் என்பேன்.